போகாத ஊருக்கு வழி சொன்னவர்

கம்பத்திலிருந்து ஒரு வாசகர், ஜூன் 8

மலையாள நாவலாசிரியர் கோட்டயம் புஷ்பநாத்தை இங்கே சிலர் ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? லண்டனையும் கார்பேத்தியன் மலையையும் கண்ணால் பார்க்காமலே எழுதியவர். போகாத ஊருக்கு வழி சொன்னவர். பேய், கொலை, துப்பறிவாளர், மறுபடியும் பேய். முந்நூறு நாவல் எழுதிவிட்டால் பெரிய எழுத்தாளரா? தமிழில் நமக்கு ராஜேஷ்குமார் போதாதா? வண்டிப்பெரியார் அக்கா பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

வண்டிப்பெரியார் அக்கா, ஜூன் 8, இரவு

தம்பி, பதில் நீளும். ஒரே மூச்சில் எழுத முடியாது, இங்கே மழை, கரண்ட் வந்து வந்து போகிறது.

முதலில் ஆளைப் பற்றி. கோட்டயத்துக்காரர். பள்ளிக்கூட வாத்தியார், சரித்திரப் பாடம் எடுத்தவர். 1968-ல் ‘சுவன்ன மனுஷ்யன்’ மனோராஜ்யம் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அங்கிருந்து பிடித்த ஓட்டம் நிற்கவே இல்லை. ஒரே சமயத்தில் பல பத்திரிகைகளுக்குத் தொடர் கொடுத்தார். அப்புறம் வாத்தியார் வேலையையும் விட்டுவிட்டார். 300 நாவலுக்கு மேல். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் போயிருக்கிறது. அவருடைய துப்பறிவாளர்கள் இரண்டு பேர்: இந்தியாவுக்குள் நடக்கும் வழக்கென்றால் புஷ்பராஜ், வெளிநாடு என்றால் மார்க்சின். மார்க்சின் கையில் எப்போதும் ஹாஃப் எ கொரோனா சுருட்டு. அந்தச் சுருட்டைப் பார்த்தவர் எங்கள் எஸ்டேட்டில் ஒருவரும் இல்லை, பெயர் தெரியாதவரும் இல்லை.

வெளிநாட்டைப் பார்க்காமல் எழுதினார் என்பது சரிதான். ரீடர்ஸ் டைஜஸ்ட், நேஷனல் ஜியாகிரபிக், வரைபடம் இவற்றை வைத்துக்கொண்டு எழுதினார். நீங்கள் அதைக் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் அவருடைய பலம் என்று தோன்றுகிறது. ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

ஜூன் 9, காலை

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கரும் அந்தக் கார்பேத்தியன் மலை இருக்கிற டிரான்சில்வேனியாவுக்குப் போனதே இல்லை. அந்த நாவல் 1897-ல் வந்தது. அவர் செய்ததும் நூலக வேலைதான்: பயணக் குறிப்புகள், அந்நாட்டு நம்பிக்கைகளைப் பற்றிய கட்டுரைகள், வரைபடங்கள். அந்த டிராகுலாவை மலையாளத்துக்குக் கொண்டுவந்தவர்களில் புஷ்பநாத்தும் ஒருவர். போகாத ஒருவர் எழுதியதை, போகாத இன்னொருவர் கொண்டுவந்தார். அதைப் படித்துவிட்டு எங்கேயும் போகாத நாங்கள் இரவில் வெளியே ஒண்ணுக்குப் போகப் பயந்தோம். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஜூன் 9, இரவு

இப்போது விளக்கமாக.

பயமுறுத்தும் கதைக்கு முதல் தேவை பேய் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் முதல் தேவை பஸ் நேரம். எத்தனை மணிக்கு வண்டி கிளம்பியது, எந்த வளைவில் நின்றது, இறங்கிய இடத்திலிருந்து வீடு எத்தனை தூரம், நடுவில் எத்தனை வீடு, எத்தனை விளக்கு. இதெல்லாம் சரியாக இருந்தால்தான், அந்தக் கடைசி விளக்கைத் தாண்டியதும் வயிற்றைப் பிசையும். ஸ்டோக்கர் இதைத் தெரிந்துதான் செய்தார். அவர் நாவலில் நாயகி மினாவுக்கு ரயில் கால அட்டவணை மனப்பாடம். கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு டிராகுலாப் பிரபுவே இங்கிலாந்து ரயில் நேரப் புத்தகத்தைப் படிக்கிறான். ரத்தம் குடிக்கிற ஒருவன் ரயில் நேரம் பார்க்கிறான் என்பதுதான் எனக்கு அந்தப் புத்தகத்திலேயே அதிகம் உறைக்கிற இடம்.

புஷ்பநாத்திடமும் இதே குணம். விமானம் எங்கே இறங்கியது, கார் எந்தச் சாலையில் திரும்பியது, பனி எந்தப் பக்கம் இருந்து வந்தது, ஓட்டல் அறைச் சன்னலைத் திறந்தால் எது தெரியும் என்றெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டுத்தான் ஆளைக் கொல்வார். சரித்திர வாத்தியார் கரும்பலகையில் வரைபடம் போட்டுக் காட்டுகிற அதே பழக்கம். பிள்ளைகளும் பாடலிபுத்திரத்துக்குப் போனதில்லை, வாத்தியாரும் போனதில்லை. ஆனாலும் கங்கை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சரியாகப் போட்டால்தான் போர் எப்படி நடந்தது என்று புரியும்.

இன்னொன்று. எங்களுக்கு அந்த மலை அந்நியமாக இருக்கவில்லை. கோட்டயத்திலிருந்து குமுளிக்கு வரும் கே.கே. ரோடு தெரியும்தானே? பாம்பாடி, பொன்குன்னம், காஞ்சிரப்பள்ளி வரை ரப்பர் தோட்டம், வெக்கை. முண்டக்கயம் தாண்டியதும் ஏற்றம். வளஞ்ஞங்கானம் அருவியைக் கடந்தால் குளிர் உள்ளே வரும், பஸ்ஸில் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள். குட்டிக்கானம் வரும்போது மஞ்சு, அதாவது மூடுபனி. எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரியும், லாரி தெரியாது. அந்த வழியில் மார்க்சினைப் படித்துக்கொண்டு வந்தவளுக்குக் கார்பேத்தியன் மலையைப் பற்றித் தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜூன் 10

“மலையாளம் எப்படிப் படித்தீர்கள், நீங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம்தானே” என்று சின்னமனூர்க்காரர் கேட்டிருக்கிறார். அதற்கும் பதில் புஷ்பநாத்தான்.

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில், அப்பா அம்மா எல்லாரும் தமிழ்தான். பள்ளியில் மலையாளம் ஒரு பாடமாக இருந்தது, யாரும் மனசு வைத்துப் படிக்கவில்லை. தேயிலை பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்த ஓர் அண்ணன் மூன்றாவது வீட்டில் இருந்தார். அவருக்கு மலையாளம் சரளம். வாரப் பத்திரிகை வந்தால் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, மலையாளத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போவார். கொழுந்து கிள்ளிவிட்டு வந்த பெண்கள், இன்னும் காலில் அட்டைப்பூச்சி கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்பார்கள். அவர் எழுதியிருப்பதை மட்டும் சொன்னாரா, இழுத்துச் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம். கதவு திறக்கிற இடம் வந்தால் ரொம்ப நேரம் திறப்பார்.

அவர் இரவு ஷிப்ட் போன வாரங்களில் எங்களுக்குக் கதை இல்லை. அந்தத் தவிப்பில்தான் நான் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். பாடப் புத்தகம் வருடக்கணக்கில் செய்யாததை ஒரு மழைக்காலத்தில் மார்க்சின் செய்தார்.

ஜூன் 10, சற்றுப் பிறகு

அந்த அண்ணன் போட்ட பைண்டிங்கைப் பற்றிச் சொல்ல மறந்தேன், அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து, சாக்கு தைக்கிற ஊசியால் அந்த அண்ணனே தைத்துவிடுவார். அட்டை, பேக்டரியில் கிடைக்கும் பழுப்புக் காகிதம். பிரித்தால் இன்றைக்கும் தேயிலைத் தூள் வாசனை லேசாக வருகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் பாதி சமையல் குறிப்பு, பாதி வாசகர் கடிதம், தலைமுடித் தைல விளம்பரம். நடுவில் ஒரு வாரம் இல்லை. மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டு பத்திரிகைக் கட்டு மேலே வரவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்ட தாளில் நீல மையில் தமிழில் எழுதி வைத்துத் தைத்திருக்கிறார்: “இந்த வாரம் அவள் தப்பித்தாள். எப்படி என்று அடுத்த வாரத்திலிருந்து ஊகித்தது.” கீழே எப்படித் தப்பித்திருப்பாள் என்று ஒரு பக்கம் முழுக்க அவருடைய ஊகம். எனக்கு அந்தப் பக்கம் மிகவும் பிடிக்கும்.

ஜூன் 11

ராஜேஷ்குமார் போதாதா என்ற கேள்விக்கு. போட்டியே இல்லை, தம்பி. ராஜேஷ்குமார் 1500 நாவலைத் தாண்டியவர், கோயம்புத்தூரை விட்டு நகராமல் எழுதியவர், விவேக்–ரூபலா இல்லாமல் என் பஸ் பயணங்கள் இல்லை. ஆனால் அவருடைய பயம் வேறு ரகம். ஆஸ்பத்திரி, ஆராய்ச்சிக்கூடம், அடுத்த பிளாட்டில் இருக்கிற ஆள். படித்து முடித்தால் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்ப்போம். புஷ்பநாத்தைப் படித்தால் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து பேச மாட்டாரா என்று இருக்கும்.

புஷ்பநாத்துக்கு நம் பக்கத்தில் உறவு தேடினால் நான் தமிழ்வாணனைச் சொல்வேன். அவருடைய துப்பறிவாளர் சங்கர்லாலும் ஊர் ஊராகப் போவார். வழக்கு முற்றினால் தேநீர் கேட்பார். எங்கள் லயத்துப் பெண்களுக்கு மார்க்சினை விடச் சங்கர்லாலை ஒரு பிடி அதிகமாகப் பிடித்ததற்குக் காரணம் அந்தத் தேநீர்தான். “நம்ம கிள்ளுற கொழுந்து எங்கெல்லாம் போகுது பாரு” என்பார்கள்.

ஜூன் 12

புகழ்ந்துகொண்டே இருந்தால் நியாயம் இல்லை. பைண்டிங்கை நேற்று மறுபடி படித்தேன்.

தொடராகப் படித்தபோது தெரியாத ஒன்று, மொத்தமாகப் படித்தால் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆறேழு பக்கத்துக்கு ஒரு முறை யாராவது அலறுகிறார்கள். அந்த வார முடிவு. அடுத்த அத்தியாயம் தொடங்கினால் அலறலுக்குக் காரணம் சாதாரணமாக இருக்கிறது. ஒரு வாரம் காத்திருந்தவர்களுக்கு அது நிம்மதி, அடுத்த வரியையே படிக்கிறவர்களுக்கு எரிச்சல். இது அவருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை, வாரப் பத்திரிகைத் தொடர் என்ற வடிவமே இப்படித்தான் எழுத வைக்கும். பல பத்திரிகைக்கு ஒரே சமயத்தில் எழுதுகிறவருக்குத் திரும்பிப் பார்த்துச் சீர் செய்ய நேரம் ஏது?

என்னை அதிகம் உறுத்துவது பெண்கள். வரும்போதே அழகை அளந்து சொல்லிவிடுவார், இரண்டு அத்தியாயத்தில் பிணமாகிவிடுவாள், அல்லது யட்சி என்கிற பெண் பேயாகிவிடுவாள். உயிரோடு இருந்து யோசிக்கிற பெண் குறைவு. சிறு வயதில் இது எனக்கு உறைக்கவில்லை. வாசலில் கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு உறைத்திருக்கிறது. என் சித்தி ஒரு தடவை, “இந்தப் பொண்ணு ராத்திரி எதுக்குத் தனியாப் போகுது, அவ வீட்ல கேட்க ஆளில்லையா” என்று சத்தம் போட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. புஷ்பநாத்திடமும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 12, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “அப்போ குப்பைதானே” என்கிறார். இல்லை. ஒரு எழுத்தாளரிடம் குறை இருப்பதும், அவர் குப்பை என்பதும் ஒன்றாகிவிடாது. எத்தனையோ பெரிய எழுத்தாளர்களிடம் பெண்கள் இதை விட மோசமாகச் சாகிறார்கள், அதற்குக் கருத்தரங்கம் நடக்கிறது.

ஜூன் 14

ஏன் கோட்டயத்திலிருந்து இப்படி ஒருவர் வந்தார்? இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஊர் அச்சு எந்திரத்தின் ஊர். பெஞ்சமின் பெய்லி அங்கே சி.எம்.எஸ். அச்சகம் தொடங்கியது 1821-ல். மலையாள மனோரமா 1890 முதல் அங்கிருந்துதான் வருகிறது. எழுத்தாளர்களே சேர்ந்து நடத்திய கூட்டுறவுச் சங்கம் 1945-ல் தொடங்கியதும் அங்கேதான். 1989-ல் நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் நகரம் என்று அறிவித்தார்கள். ஊர் முழுக்கப் படிக்கத் தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, எதைப் படிப்பது? அந்தப் பசிக்குத்தான் மங்களம், மனோராஜ்யம் மாதிரி வாரப் பத்திரிகைகள். பெட்டிக்கடை, பார்பர் ஷாப், பஸ் ஸ்டாண்டு எல்லா இடத்திலும் தொங்கும். விமர்சகர்கள் அவற்றைத் தொடவில்லை. தொட்டவர்கள் ரப்பர் வெட்டுகிறவர்கள், நர்சு வேலைக்குப் படிக்கிற பெண்கள், டிரைவர்கள், நாங்கள்.

அதோடு, கோட்டயத்துக்குப் பேய்க்கதை புதிதும் இல்லை. யட்சிகளையும் மந்திரவாதிகளையும் தொகுத்து ‘ஐதிஹ்யமாலை’ எழுதிய கொட்டாரத்தில் சங்குண்ணியும் அந்த ஊர்தான். முதல் தொகுதி 1909. கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் யட்சியை அடக்குவது அதில்தான் இருக்கிறது. புஷ்பநாத்தின் மந்திரவாத நாவல்களுக்கு அடிமண் அது. கார்பேத்தியன் அவர் நூலகத்திலிருந்து எடுத்தது, யட்சி ஊரிலேயே கிடைத்தாள்.

ஜூன் 15

பேய்களைப் பற்றி ஆரம்பித்ததும் இங்கே ஆளுக்கு ஆள் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள், சந்தோஷம். என் பங்குக்கு.

எல்லையில் வளர்ந்தால் இரண்டு பக்கத்துப் பேயும் நமக்குச் சொந்தம். கம்பம் பக்கமிருந்து வந்தது புளியமரத்தில் இருக்கும். மேற்கே இருந்து வந்த யட்சி ஏழிலைப்பாலை மரத்தில் இருக்கும், வெள்ளைச் சேலை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கும். கொடுத்தால் மாளிகைக்குக் கூட்டிப்போகும், விடிந்தால் மரத்தடியில் பல்லும் நகமும் கிடக்கும். அம்மா சுண்ணாம்பு டப்பாவை இரவில் வெளியே எடுத்துப் போகவே மாட்டார். தெற்கே நாகர்கோவில் பக்கம் போனால் கள்ளியங்காட்டு நீலி. முப்பந்தலில் இசக்கியாகக் கும்பிடுகிறார்கள். மலையாளத்தில் ஆணி அடித்து அடக்குவார்கள், நம்மவர்கள் கோயில் கட்டிக் கிடா வெட்டுவார்கள். எனக்கு நம்மவர்கள் செய்வது கொஞ்சம் கூடுதல் மரியாதையாகப் படுகிறது.

எஸ்டேட்டுக்கென்று தனிப் பேய் உண்டு, அது குதிரையில் வரும் துரை. பீருமேடு போகிறவர்கள் பள்ளிக்குன்று தேவாலயத்தைப் பாருங்கள். ஏலமலையின் அதிகாரியாக இருந்த ஜே.டி. மன்றோவின் கல்லறை அங்கே இருக்கிறது. அவர் குதிரையையும் அதே வளாகத்தில் புதைத்திருக்கிறார்கள். மஞ்சு இறங்கிய மத்தியானத்தில் அந்தக் கல்லறைகளுக்கு நடுவில் நின்றால், இந்த மலையை வைத்து மட்டும் ஒரு முழு நாவல் யாராவது எழுத மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கும். லயம், பேக்டரிச் சங்கு, மண் சரிவு, துரை பங்களா, பெயர் எழுதாத கூலிக்காரக் கல்லறைகள். இது நம் கையில் இருக்கிற கதை.

ஜூன் 16

பாலக்காட்டு நண்பர் கேட்டது முக்கியமான கேள்வி: கடைசியில் பேய் நிஜமா, ஆள் செய்த வேலையா?

இரண்டும் உண்டு. மார்க்சின், புஷ்பராஜ் வருகிற கதைகளில் பெரும்பாலும் யாரோ ஒரு மனிதன் பிடிபடுவான், அறிவியல் விளக்கம் ஒன்று வரும். ‘பிரம்மரக்ஷஸ்’ மாதிரி மந்திரவாதக் கதைகள் வேறு. அங்கே பேய் பேய்தான். அந்தக் கதை 1990-ல் படமாகவும் வந்தது.

ரொம்ப நாள் எனக்கு முதல் வகைதான் உசத்தி. பேய் இல்லை, பின்னால் ஒரு திருடன் என்று தெரிந்தால் தூக்கம் வரும். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஊரில் ஒரு பெண் செத்துப்போனால், “ஆவி அடிச்சிடுச்சு” என்று முடித்துவிடுவது எத்தனை பேருக்கு வசதி என்று பார்த்திருக்கிறேன். மார்க்சின் வந்து, இது ஆவி இல்லை, இந்த ஆள்தான் என்று கை காட்டுவதில் அந்தக் காலத்தில் ஒரு தைரியம் இருந்தது. அதே சமயம், யட்சிக் கதையில் செத்தவளே திரும்பி வந்து கேட்கிறாள். சட்டம் கேட்காததை அவள் கேட்கிறாள். சித்தி கேட்ட கேள்விக்கு ஒரு பதில் அங்கே இருக்கலாம். இதில் எது உசத்தி என்று என்னால் இன்னும் முடிவு சொல்ல முடியவில்லை, யாராவது வாதாடுங்கள்.

ஜூன் 17

2018 மே 2-ல் அவர் இறந்தார். மகன் இறந்து சில வாரங்களுக்குள் அவரும் போனார். மறுநாள் குமுளி பஸ் ஸ்டாண்டில் ஒரு தமிழ் டிரைவரும் ஒரு மலையாளி கண்டக்டரும் மார்க்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய விருது எதுவும் தேடி வராத எழுத்தாளருக்கு அந்தப் பேச்சை விடப் பெரிய அஞ்சலி எது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது குடும்பத்தாரே பழைய நாவல்களை மறுபதிப்பாகக் கொண்டு வருகிறார்கள், நல்ல தாளில், புது அட்டையோடு.

ஜூன் 18

பீருமேட்டுத் தமிழ்ப் பள்ளி டீச்சருக்கு: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுங்கள். மலையாளம் எழுத்துக் கூட்டத் தெரிகிற பிள்ளை என்றால் மார்க்சின் கதையாகக் கொடுங்கள், மந்திரவாதக் கதை இப்போது வேண்டாம், அதில் வரும் வர்ணனைகளை நீங்கள் முதலில் படித்துப் பாருங்கள். கூடவே ஓர் அட்லஸ் கொடுங்கள். கார் போகிற வழியைப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளிடம், செத்துப்போகிற அந்தப் பெண் என்ன யோசித்திருப்பாள் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி வாங்குங்கள். எழுதி வந்தால் எனக்கும் அனுப்புங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

கம்பம் தம்பிக்கு: ஞாயிற்றுக்கிழமை குமுளி வருகிறேன். மறுபதிப்பில் ஒன்று தருகிறேன், படித்துவிட்டுச் சண்டை போடுவோம். பைண்டிங்கை மட்டும் இரவல் தர மாட்டேன்.